இருபத்தொரு லட்சத்து ஒரு ரூபாய்

இல்ல சார், உக்காருங்க, ஜன்னல் ஓரம் உங்களுக்கே இருக்கட்டும். நான் மந்தைக்குளம் விலக்குல எறங்கிருவேன், முக்கா மணி நேரம்தான். எம் பொண்டாட்டியக் கூப்பிடப் போறேன். ஒன்பது மாசமா அவ அண்ணன் வீட்டுல இருக்கா. இன்னைக்கு வரலேன்னா இனிமே வரமாட்டா. அதான், டிக்கெட்டையே ரெண்டு தடவை கீழ போட்டுட்டேன், பாத்தீங்கல்ல.

இந்த ரோட்டைப் பாருங்க. பஸ் குலுங்குதா? போன வருஷம் வந்திருந்தீங்கன்னா உங்க தலை மேல் கம்பியில இடிச்சிருக்கும். சந்தைப்பேட்டை முக்குல இருந்து ரயில்வே கேட் வரைக்கும் சிமெண்டு ரோடு, ரெண்டு பக்கமும் சாக்கடை, வரிசையா லைட்டு. இது யாரு போட்டதுன்னு நெனைக்கிறீங்க? நகராட்சின்னு போர்டு வச்சிருக்கான். நான் போட்டது சார். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

எங்க ஊருல திங்கக்கெழமை சந்தை. காய்கறி, கோழி, கருவாடு, பாத்திரம், எல்லாம் வரும். கடை போடறவங்க ஒவ்வொருத்தரும் நகராட்சிக்கு ஒரு தொகை கட்டணும். அதை வசூல் பண்ற உரிமைய வருஷத்துக்கு ஒருக்கா ஏலம் விடுவாங்க. எடுத்தவன் மொத்தப் பணத்தையும் நகராட்சிக்குக் கட்டிட்டு, வருஷம் பூரா டிக்கெட் கிழிச்சு வசூல் பண்ணிக்கலாம். பன்னெண்டு வருஷமா அதை எடுத்தது நாங்க நாலு பேரு. எம் மச்சான் பொன்னழகு, அதாவது எம் பொண்டாட்டியோட அண்ணன், அப்புறம் நானு, இன்னும் ரெண்டு பேரு. ஏலத்துக்கு முன்னாடியே கூடிப் பேசிருவோம், இந்த வருஷம் யாரு, எவ்வளவுக்குன்னு. மத்த மூணு பேரும் ஒப்புக்குக் கையத் தூக்கிட்டு உக்காந்துக்குவோம். அஞ்சு லட்சத்தைத் தாண்டினதே கெடையாது. எடுத்தவரு மத்தவங்களுக்கு ஒரு பங்கு குடுத்துருவாரு.

இதுல தப்பு என்னா இருக்கு? யாரு வயித்துல அடிச்சோம்? நகராட்சி வயித்துலயான்னு கேப்பீங்க. நகராட்சிக்கு வாயா இருக்கு, வயிறா இருக்கு. நெசத்துல வருஷத்துக்கு எவ்வளவு வசூலாகும்னா, பதினாலு லட்சம். உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.

ரோடு மட்டும் நாறிக் கெடந்தது. பிரசவத்துக்குப் போன ஒரு ஆட்டோ ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமே குழியில எறங்கி நின்னுபோச்சு. அந்தப் பொண்ணு ஆட்டோவுக்குள்ளயே பெத்துட்டா. ஊரே கூடி நகராட்சியத் திட்டுச்சு. நானும் திட்டுனேன். அன்னைக்கு அங்க நான்தான் சார் எல்லாரையும் விட ஓங்கித் திட்டுனேன். வரிப்பணமெல்லாம் எங்கடா போவுதுன்னு.

அப்பத்தான் புதுக் கமிஷனர் அம்மா வந்தாங்க. குள்ளமா இருப்பாங்க, மெதுவாப் பேசுவாங்க. பேச்சைக் கேட்டா டீச்சரம்மான்னு நெனைப்பீங்க. ரோடு போடக் காசில்ல, வீட்டு வரி, தண்ணி வரியை ஏத்தலாமான்னு கவுன்சில் கூட்டத்துல பேச்சு வந்திருக்கு. கவுன்சிலருங்க குதிச்சிருக்காங்க. தண்ணி வரின்னதும் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிட்டு வந்துருவாங்கன்னுருக்காங்க. அதுக்கு அந்தம்மா சொன்னாங்களாம், "வரியெல்லாம் ஏத்த வேணாம். ஊருக்குச் சொந்தமான வருமானம் ஊருக்கு வந்தாப் போதும்." அவ்வளவுதான் பேசியிருக்காங்க. மறுவாரம் ஆபீஸ் வராந்தாவுல ஒரு தகரப் பெட்டியக் கொண்டாந்து வச்சுட்டாங்க. பூட்டு, அரக்கு சீலு எல்லாம் போட்டு. வழக்கம்போல ஏலமும் நடக்கும், வேணுங்கறவங்க தொகையை எழுதி கவர்ல ஒட்டிப் பெட்டியிலயும் போடலாம். ஏலம் முடிஞ்ச பெறகு பெட்டியத் தெறப்பாங்க. ரெண்டுல எது கூடவோ அதுக்குத்தான் குத்தகை.

நாங்க நாலு பேரும் சிரிச்சோம். இந்த ஊருல எவன் கவர் போடுவான்? எங்களை விட்டா எவன் இருக்கான்? எம் மச்சான் அந்தப் பெட்டியத் தட்டிப் பாத்து, "நல்ல தகரம், கருவாடு வச்சா எறும்பு ஏறாது"ன்னாரு.

அந்த வருஷம் மொறை என்னோடது. அதைச் சொல்லணும். பன்னெண்டு வருஷத்துல என் பேருக்கு ரெண்டே தடவைதான் விட்டாங்க. மூணாவதா இந்தத் தடவைன்னு பேச்சு. மச்சான் மகளுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருந்தாரு. ஒரு காதுகுத்து வீட்டுல பந்தியில உக்காந்திருக்கோம், சனம் நெறைய. இலையில சோறு விழுந்தாச்சு. அப்பச் சொல்றாரு, "மாப்ள, இந்த வருஷமும் நானே எடுத்துக்கறேன், கல்யாணச் செலவு இருக்கு." நான் வாயத் தெறக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்தவரு, அவரு மொறையாச்சேன்னு கேட்டுட்டாரு. மச்சான் சிரிச்சுக்கிட்டே, "எம் மாப்ளைக்கு டிக்கெட் கிழிக்கக் குடுத்தாப் போதும். ஏலம் கேக்கற கை வேற"ன்னாரு.

பந்தியே சிரிச்சுது. பாயசம் ஊத்திக்கிட்டு வந்த பையனும் சிரிச்சான்.

நான் சிரிக்கல. எந்திரிச்சு வந்துட்டேன். மறுநாள் வட்டிக்கு அம்பதாயிரம் வாங்கி, கவரோட வெக்க வேண்டிய டெபாசிட்டுக்கு டி.டி. எடுத்தேன். நேரா ஆபீஸ் போயி ஃபாரம் வாங்கி எழுதுனேன். இருபத்தொரு லட்சத்து ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய் எதுக்குன்னு கேக்காதீங்க. காலம் பூரா மொய் எழுதுன கை, ஒண்ணு சேக்காம நிக்காது. கவரை ஒட்டி, என் பேரை எழுதி, பெட்டியில போட்டேன். உள்ள விழுந்தப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு, அவ்வளவு லேசான சத்தம். வெளிய வந்து ஒரு சோடா குடிச்சேன். முந்தின நாள்ல இருந்து நெஞ்சுக்குள்ள எரிஞ்சது அப்பத்தான் அடங்குச்சு.

வீட்டுல சொல்லல. அழகுமீனாகிட்ட நான் எதையும் மறைச்சதில்ல சார், இதைத் தவிர.

ஆனா அவளுக்கு அந்தப் பந்திக் கதை தெரிஞ்சுபோச்சு. பொம்பளைங்களுக்குத் தெரியாம எதுதான் இருக்கு. அண்ணனுக்குப் போனைப் போட்டு என்ன கேட்டாளோ, ஏலத்துக்கு மொத நாள் சாயந்தரம் மச்சான் எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. கையில ஒரு சீப்பு வாழைப்பழம். அவ நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வச்சிருந்தா. ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார வச்சு அவளே போட்டா. மச்சான் ரெண்டு வாய் தின்னுட்டு, "மாப்ள, அன்னைக்கு வாய் தவறிருச்சு. பொண்ணு கல்யாணம், மண்டை கொழம்பிக் கெடக்கேன். இந்த ஒரு வருஷம் விட்டுக்குடு. ஆளுக்குப் பாதி"ன்னாரு. கண்ணு கலங்கிருச்சு சார் அவருக்கு. ஆறடி ஆளு.

நான் என்ன சொல்லணும்? கவர் போட்டுட்டேன்னு சொல்லணும். வாய் வரைக்கும் வந்துச்சு. அவ என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறா, கரண்டியக் கையில வச்சுக்கிட்டு. அந்த மொகத்துல அவ்வளவு சந்தோஷம். சோத்துல கை வச்சபடியே, "நான் குறுக்க வரமாட்டேன் மச்சான்"னு சொல்லிட்டேன். அவ அவருக்கு ஒரு துண்டு, எனக்கு ரெண்டு துண்டு கறி வச்சா.

ஏலத்தன்னைக்குக் காலையில பத்து மணிக்கெல்லாம் ஆபீஸுக்கு ஓடுனேன். பெட்டி முன்னாடி நின்னு அதையே பாத்துக்கிட்டிருக்கேன். வருவாய்ப் பிரிவு கிளார்க்கு தேவசகாயம், எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம், என்ன சேவுகா மொகம் வெளிறிக் கெடக்குன்னு கேட்டாரு. விஷயத்தைச் சொன்னேன். அவரு சாதாரணமாச் சொன்னாரு, "பதினொரு மணி வரைக்கும் டைம் இருக்கு. வாபஸ் வாங்கிக்கிறேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. டெபாசிட் போயிரும். கவரைப் பிரிக்காமலே ஒதுக்கி வச்சிருவாங்க."

இந்த எடத்தை மட்டும் மறந்துருங்க சார். பேச்சு வாக்குல சொல்லிட்டேன்.

எழுதலாம்னுதான் இருந்தேன். பேனா இல்ல. தேவசகாயம் பேனாவை நீட்டுனாரு, அது எழுதல. ஒரு நகராட்சி ஆபீஸ்ல ஒரே ஒரு பேனாவான்னு கேப்பீங்க. இன்னொண்ணு எடுத்துட்டு வரேன்னு உள்ள போனாரு. அதுவும் போக அம்பதாயிரம் சார், வட்டிக்கு வாங்குன காசு, சும்மா விட முடியுமா? அந்த நேரம் பாத்து மச்சான் வந்து தோள்ல கையப் போட்டாரு. "வா மாப்ள, டீ சாப்பிடுவோம்." கூப்பிட்ட பெறகு போகாம நிக்கக் கூடாதுல்ல. போனேன்.

டீக்கடையில கூட்டாளிங்க ரெண்டு பேரும் இருந்தாங்க. மாப்ள ஒத்துக்கிட்டாரான்னு ஒருத்தன் கேட்டான். மச்சான் வடையப் பிச்சுக்கிட்டே, "நம்ம சொன்னா மாப்ள கேட்டுக்குவாரு"ன்னாரு. அது ஒண்ணும் பெரிய வார்த்தை இல்ல. சும்மா சொன்னதுதான். அப்ப மணி பத்தே முக்கா. டீக்கடைக்கும் ஆபீஸுக்கும் ரோட்டைத் தாண்டுனாப் போதும். நான் இன்னொரு டீ சொன்னேன்.

தொண்டை வறண்டு கெடந்தது சார், அதுக்காகத்தான்.

ஏலம் ஆரம்பிச்சுது. கமிஷனர் அம்மா நடுவுல, பக்கத்துல மேனேஜரு, தேவசகாயம் நோட்டை வச்சுக்கிட்டு என்னையவே பாக்கறாரு. நான் அவரைப் பாக்கல. பேசி வச்ச மாதிரியே போச்சு. ஒருத்தன் நாலரைன்னான். இன்னொருத்தன் நாலு அறுபது. மச்சான் நாலு தொண்ணூறுன்னாரு. என்னைப் பாத்தாங்க. நான் தலையாட்டிட்டேன், வேணாம்னு. சொன்ன சொல்லைக் காப்பாத்துனேன், கவனிச்சுக்குங்க. ஏலத்துல நான் ஒரு வார்த்தை குறுக்க பேசல. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மச்சான் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சாரு.

"உக்காருங்க. பெட்டியத் தெறக்கணும்"னாங்க கமிஷனர் அம்மா.

அரக்கை ஒடைச்சாங்க. பெட்டிக்குள்ள மேனேஜர் கைய விட்டுத் தொழாவுறாரு. ஒரே ஒரு கவர். யாருடா அதுன்னு மச்சான் என் காதுல கேக்கறாரு. என் காதுல சார்! நான் தரையப் பாத்துக்கிட்டு இருக்கேன். அந்தம்மா கவரைக் கிழிச்சுப் படிச்சாங்க. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் படிச்சாங்க. அப்புறம் தொகைய வாசிச்சாங்க, அந்த ஒரு ரூபாயும் சேத்து. அதுக்கப்புறம் என் பேரு.

அந்த ஹால் மொத்தமும் என்னையத் திரும்பிப் பாத்துச்சு. பன்னெண்டு வருஷம் அந்த ஹால்ல உக்காந்திருக்கேன், ஒருத்தன் என்னைத் திரும்பிப் பாத்ததில்ல. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன் சார், அந்த ஒரு நிமிஷம் நல்லாருந்துச்சு. அப்புறம் மச்சான் மொகத்தைப் பாத்தேன். திட்டுவாரு, அடிப்பாருன்னு நெனச்சேன். "எந் தங்கச்சி கையால போட்ட சோறு மாப்ள"ன்னு மட்டும் சொல்லிட்டு, வாசலைப் பாக்க நடந்துட்டாரு.

அதுக்கப்புறம் ஊரு என்னாச்சு தெரியுமா? அதான் வேடிக்கை. எவனும் எவனையும் நம்பல. பஸ் ஸ்டாண்டுக் கடைங்க, சைக்கிள் ஸ்டாண்டு, மீன் மார்க்கெட்டு, எல்லாத்துலயும் எங்களை மாதிரி பேசி வச்சு எடுத்துக்கிட்டிருந்தவங்கதானே. சொந்த மாப்ளையே கவர் போட்டுட்டான்னா பக்கத்துக் கடைக்காரன் போட மாட்டானான்னு பயந்து, ஆளுக்கொரு கவரைத் தூக்கிட்டு ஓடுனாங்க. பெட்டி நெறைஞ்சுபோச்சு. நகராட்சி வருமானம் நாலு மடங்குன்னு பேப்பர்ல போட்டான். பக்கத்து ஊருல இருந்தெல்லாம் அந்தத் தகரப் பெட்டியப் பாக்க ஆபீசருங்க வந்தாங்க. அந்தப் பணத்துலதான் இந்த ரோடு. இப்பச் சொல்லுங்க, யாரு போட்டது?

தெறப்பு விழாவுக்கு எனக்கும் பத்திரிகை வந்துச்சு. மூணாவது வரிசையில உக்கார வச்சாங்க. சந்தைக் குத்தகைதாரருக்கும் நன்றின்னு அந்தம்மா மைக்குல சொன்னாங்க. பேரைச் சொல்லல. ஒரு துண்டு போடல சார். இருபத்தொரு லட்சம் குடுத்தவனுக்கு ஒரு துண்டு போடக் கூடாதா?

வசூலை ஏத்திச் சமாளிச்சுக்கலாம்னு பாத்தேன். சந்தை வாசல்ல ரேட்டை எழுதிப் பெரிய போர்டா நட்டு வச்சுட்டாங்க. அஞ்சு ரூவா கூடக் கேட்டா கருவாட்டுக்காரம்மா போர்டைக் காட்டுது. வீட்டுப் பத்திரம் ஃபைனான்ஸ்ல இருக்கு. மச்சான் தென்னந்தோப்பை வித்துத்தான் பொண்ணைக் கட்டிக் குடுத்தாரு. கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வெக்கல.

அதெல்லாம் போகட்டும். வீடு போனா வாடகைக்கு இருந்துக்கலாம். அழகுமீனாதான்.

ஏலம் முடிஞ்சு மூணு நாள் அவ பேசல. சமைச்சா, போட்டா. நாலாம் நாள் நான் பத்திரத்தைப் பையில வச்சுக் கெளம்பறப்ப வாசல்ல நின்னா. சத்தம் போடல. "கோவத்துல கவரைப் போட்டீங்க, அது எனக்குப் புரியுது. எங்கண்ணன் பேசுனதும் தப்புதான். சமாதானம் ஆன பெறகு அதைத் திருப்பி எடுத்திருக்க முடியுமா? அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க"ன்னா.

எடுக்க முடியாது, பெட்டியில விழுந்தா விழுந்ததுதான்னு சொன்னேன். செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னேன்.

"நிமிந்து சொல்லுங்க"ன்னா. நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன். சாயந்தரம் வந்து பாத்தா வீடு பூட்டிக் கெடக்கு. அன்னைக்கிலேர்ந்து நாலு தடவை போயிருக்கேன். தண்ணி குடுப்பா. சாப்பிடறீங்களான்னு கேப்பா. வரமாட்டா. வீட்டுக்குள்ள நான் ஒத்தையில உக்காந்து டி.வி. போடறேன், என்ன ஓடுதுன்னே தெரியல. பதினெட்டு வருஷம் சார். ஒரு நாள்கூட நான் தனியாச் சாப்பிட்டதில்ல.

நேத்து அவளே போன் பண்ணா. "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க, அண்ணனும் இருப்பாரு. அந்த ஆபீஸ்ல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. போட்ட கவரைத் திரும்ப எடுக்க முடியாதுன்னு அவரு வாயால சொல்லட்டும். நான் பையத் தூக்கிட்டு வந்துர்றேன், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். இல்லேன்னா இனிமே வராதீங்க." எங்கண்ணன்கிட்டயும் அதைச் சொல்லி மன்னிப்பு வாங்கித் தரேன்னா.

தேவசகாயத்து வீட்டுக்கு ஓடுனேன். காலைப் பிடிக்காத கொறை. "எடுக்கலாம்னு உங்கிட்டச் சொன்னவனே நான்தானடா. எந்த மூஞ்சியோட வந்து முடியாதும்பேன்?"னு கதவைச் சாத்திட்டாரு.

ஒரு நிமிஷம் சார். இந்தப் பாலம் தாண்டுனா என் ஸ்டாப்பு. உங்களைப் பாத்தா ஆபீஸ்ல இருக்கறவரு மாதிரி இருக்கீங்க. சட்டையை உள்ள விட்டிருக்கீங்க, பேனா இருக்கு, பை இருக்கு. மச்சானுக்கு அந்த ஆபீஸ்ல எல்லாரையும் தெரியாது, புதுசா மாத்தலாகி வந்தவருன்னு சொல்லிக்கறேன். விலக்குல எறங்கி மூணாவது வீடு, பத்து நிமிஷ வேலை. அடுத்த பஸ்ஸுக்கு நானே உங்களை ஏத்தி விட்டுர்றேன். கையை விடுங்கன்னா எப்படி சார்? உங்களுக்கும் வீட்டுல பொம்பளை இருப்பாங்கல்ல?

கண்டக்டர், எறங்கணும், எறங்கணும், நிறுத்துங்க! ரெண்டு பேரு.

எந்திரிங்க சார். அவ அந்த ஒரு கேள்விதான் கேப்பா. முடியாதும்மான்னு சொல்லுங்க, போதும். ஆனா அவ மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க. ஒன்பது மாசமா என்னால அது மட்டும்தான் முடியல.